கேட்காத சுரத்துக்கு 300 வாட்

பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் இயர்போன் போடாமல் போனிலேயே பாட்டு வைக்கிறார். எண்பதுகளின் இளையராஜா. நமக்கு எரிச்சல்தான், ஆனாலும் காது தானாக அங்கே போய்விடுகிறது. பல்லவி முடிந்து இடையிசை வரும்போது பேஸ் கிட்டார் எங்கே ஏறுகிறது, எங்கே சறுக்கி இறங்குகிறது என்று கூடவே முணுமுணுக்கவும் முடிகிறது. இதில் ஓர் உதைப்பு இருக்கிறது. போனுக்குள் இருக்கும் ஸ்பீக்கர் நகக்கண் அளவு. சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே அதற்குச் சொல்லிக்கொள்ளும்படி சத்தமே வராது. பேஸ் கிட்டாரின் சுரங்களோ பெரும்பாலும் அந்த எல்லைக்குக் கீழே கிடப்பவை. வராத சத்தம் எப்படிக் கேட்கிறது?

இப்போது மேடைக்கு வாருங்கள். கிட்டார்காரர் 30 வாட் ஆம்ப் ஒன்றை நாற்காலியில் வைத்துவிட்டு ஊரையே அதிர வைக்கிறார். பக்கத்தில் பேஸ்காரர் 300 வாட், இரண்டு பேர் சேர்ந்து தூக்கும் பெட்டி என்று வந்து இறங்கியும் “பேஸ் கேட்கலையே” என்று பேச்சு வாங்குகிறார். நகக்கண் ஸ்பீக்கரில் கேட்கும் வாத்தியத்துக்கு எதற்கு இத்தனை பெரிய பெட்டி? இரண்டு புதிரையும் ஒன்றாக அவிழ்த்தால்தான், கடையில் எந்த ஆம்பை, எந்தப் பெடலை வாங்குவது என்பது பிடிபடும்.

வினாடிக்கு 41

நான்கு தந்தி பேஸ் கிட்டாரில் தடித்தது E தந்தி. விரல் வைக்காமல் மீட்டினால் அது வினாடிக்கு 41 முறை ஆடுகிறது. இந்த எண்ணிக்கைதான் அதிர்வெண், அலகு ஹெர்ட்ஸ். மற்ற மூன்று தந்திகள் 55, 73, 98. சாதாரணக் கிட்டாரின் தடித்த தந்தி 82 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு ஸ்தாயி மேலே. ஐந்து தந்தி பேஸ் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் கீழே 31 ஹெர்ட்ஸில் ஒரு B கிடைக்கிறது.

ஆனால் தந்தி ஒரே ஓர் ஆட்டம் ஆடுவதில்லை. முழு நீளமும் 41-ல் ஆடும்போதே, இரண்டு பாதிகளாகப் பிரிந்து 82-லும், மூன்று துண்டாக 123-லும், நான்கு துண்டாக 165-லும், ஐந்தாக 206-லும் ஆடிக்கொண்டிருக்கும். எல்லாம் ஒரே நேரத்தில். 41-ஐ அடிச்சுரம் என்போம், மேலே உள்ளவற்றை மேற்சுரங்கள் என்போம். அடிச்சுரத்தின் ஆட்டம் தந்தியின் நடுவில் பெரிதாகவும் இரு முனைகளை நோக்கிப் போகப்போகச் சிறிதாகவும் இருக்கும். தந்தியின் ஆட்டத்தை மின்சாரமாக்கும் பிக்அப் இருப்பதோ, தந்தியின் முனையைத் தாங்கும் பிரிட்ஜ் பக்கம். அதனால் பேஸ் கிட்டாரிலிருந்து கேபிள் வழியே வெளியே வரும்போதே 82 ஹெர்ட்ஸ் பல சமயம் 41-ஐ விடப் பலமாக இருக்கிறது. ‘அடிச்சுரம்’ என்ற பெயரைப் பார்த்து அதுதான் வீட்டுக்குப் பெரியவர் என்று நினைத்துவிடக் கூடாது.

இல்லாததைக் கேட்கும் காது

பழைய தரைவழித் தொலைபேசி 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் கடத்தும். ஆண்குரலின் அடிச்சுரமோ 100, 120 என்று அதற்கு வெகு கீழே. அப்படியிருந்தும் தாத்தா போனில் பேசினால் குழந்தைக் குரலாகவா கேட்டது? அதே கட்டைக் குரல்தான் கேட்டது.

துளையிட்ட தட்டைச் சுழற்றிக் காற்று ஊதும் சைரனை வைத்து 1841-ல் இதைச் சோதித்தவர் ஜெர்மானிய இயற்பியலாளர் ஆகஸ்ட் சீபெக். அடிச்சுரம் மிக மெலிந்திருந்தாலும் காது அதே சுருதியைத்தான் கேட்கிறது என்றார் அவர். மின்தடை விதிக்குச் சொந்தக்காரரான அதே ஓம் இதை ஏற்கவில்லை. ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஓம் பக்கம் நின்றதால் சீபெக்கின் கருத்து ஏறக்குறைய நூறு ஆண்டு கிடப்பில் கிடந்தது. 1940 வாக்கில் நெதர்லாந்தில் ஸ்கௌட்டன் அடிச்சுரத்தை அடியோடு நீக்கிவிட்டுச் சோதித்தபோது சீபெக் சொன்னதே நின்றது.

காரணம் எளிது. 82, 123, 165, 206 என்ற வரிசையில் ஒவ்வொன்றுக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 41. இவை சேர்ந்து உண்டாக்கும் அலையின் வடிவம் வினாடிக்கு 41 முறை திரும்பத் திரும்ப வருகிறது. மூளை அந்தத் திரும்பலைப் பிடித்துக்கொண்டு 41-க்கான சுருதியை நமக்குக் கொடுத்துவிடுகிறது. போன் ஸ்பீக்கரில் இதுவே இன்னும் பல படி மேலே உள்ள மேற்சுரங்களை வைத்து நடக்கிறது.

சுருதி கிடைத்துவிடும், நெஞ்சில் வந்து மோதும் கனம் கிடைக்காது. பேஸ்காரர் பெட்டி தூக்குவது அந்தக் கனத்துக்காக.

கோன் படும் பாடு

காற்றைத் தள்ளினால்தான் சத்தம். ஸ்பீக்கரின் கோன் முன்னும் பின்னும் போய்வந்து தள்ளுகிறது. சத்தத்தின் அளவு மாறாமல் ஒரு ஸ்தாயி கீழே இறங்க வேண்டுமென்றால், கோன் நான்கு மடங்கு தூரம் போய்வர வேண்டும். கிட்டாரின் மெல்லிய தந்தி 330 ஹெர்ட்ஸ். அங்கிருந்து பேஸின் 41 சரியாக மூன்று ஸ்தாயி கீழே. நான்கை மூன்று முறை பெருக்கிப் பாருங்கள்: 64. கிட்டார்காரரின் கோன் கால் மில்லிமீட்டர் அசைந்து செய்யும் வேலைக்கு, அதே கோன் பேஸுக்காக 16 மில்லிமீட்டர் அசைய வேண்டும். எந்தக் கிட்டார் ஸ்பீக்கரும் அதற்குத் தாங்காது. கிட்டார் ஆம்பில் பேஸைச் சொருகிச் சத்தத்தை ஏற்றினால் கோன் கிழிவது இதனால்தான். வீட்டில் மெதுவாக வாசிக்க ஒன்றும் ஆகாது.

லியோ ஃபெண்டர் 1951-ல் பிரசிஷன் பேஸைக் கொண்டுவந்ததும் இந்தச் சிக்கல் அவர் வாசலுக்கே வந்தது. அடுத்த ஆண்டே பேஸ்மேன் என்ற ஆம்பை 15 அங்குல ஸ்பீக்கரோடு வெளியிட்டார். பின்னால் அதில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள் வந்தன. அப்படியும் பேஸுக்கு அது போதவில்லை, ஆனால் கிட்டாரை அதில் சொருகியவர்கள் சொக்கிப்போனார்கள். லண்டனில் ஜிம் மார்ஷலின் முதல் ஆம்பே பேஸ்மேனைப் பார்த்துச் செய்ததுதான். பேஸுக்காகப் பிறந்த பெட்டி ராக் கிட்டாருக்கு வாக்கப்பட்டது.

பேஸ்காரர்களுக்கு மேடையில் உண்மையான பலம் 1969-ல் வந்தது. ஆம்பெக் நிறுவனத்தின் எஸ்.வி.டி. 14 வால்வுகள், 300 வாட். அதோடு சேர்ந்தது எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட மூடிய கேபினெட். இன்றும் அதை ‘ஃபிரிட்ஜ்’ என்றுதான் சொல்கிறார்கள். இங்கேதான் வேடிக்கை. இன்றைய ‘ஃபிரிட்ஜ்’ ஒன்றின் விவரப் பட்டியலை எடுத்துப் பார்த்தால், ஒலி 58 ஹெர்ட்ஸிலேயே பாதி ஆற்றலுக்குக் குறைகிறது; 40 ஹெர்ட்ஸில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். உலகம் மெச்சும் அந்தப் பேஸ் ஒலியில் E தந்தியின் அடிச்சுரம் கொஞ்சமே கொஞ்சம்தான். வேலை முழுக்க 82-லிருந்து மேலே நடக்கிறது. ‘20 ஹெர்ட்ஸ் வரை போகும்’ என்று அச்சடித்த கேபினெட்டைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம் என்பேன்.

காதின் ஓரவஞ்சனை

காதும் எல்லா அதிர்வெண்ணையும் ஒரே கண்ணோடு பார்ப்பதில்லை. 1933-ல் பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் இதை அளந்து வரைபடம் போட்டார்கள். பின்னால் திருத்தப்பட்ட இன்றைய அளவுகளின்படி, 1,000 ஹெர்ட்ஸ் ஒலி 40 டெசிபலில் கேட்பது போலவே 40 ஹெர்ட்ஸ் ஒலியும் கேட்க வேண்டுமானால் 80 டெசிபலுக்கு மேல் கொடுக்க வேண்டும். சத்தம் கூடக் கூட இந்த வஞ்சனை குறைகிறது: 1,000 ஹெர்ட்ஸ் 80 டெசிபலில் இருக்கும்போது 40 ஹெர்ட்ஸுக்குச் சுமார் 25 டெசிபல் கூடுதலாகக் கொடுத்தால் போதும்.

டெசிபலைப் பற்றி மூன்று விஷயம் நினைவில் இருந்தால் இந்த அத்தியாயத்துக்குப் போதும். ஆம்பின் வாட் இரட்டித்தால் 3 டெசிபல் கூடும். பத்து மடங்கானால் 10 டெசிபல். அந்த 10 கூடினால்தான் காதுக்கு ‘ரெண்டு மடங்கு சத்தம்’ என்று தோன்றும். ஆகவே 100 வாட்டை விற்று 200 வாட் வாங்குகிறவர் கையில் பணம் குறைந்தது தெரியும், சத்தம் கூடியது அவ்வளவாகத் தெரியாது.

அறையில் தனியாக வாசிக்கும்போது நம்மில் பலர் ஆம்பின் பேஸ் திருகையும் டிரெபிள் திருகையும் ஏற்றி, மிட் திருகை இறக்கிவிடுகிறோம். குறைந்த சத்தத்தில் காதுக்கு அடிப்பகுதி எட்டாததால் அது பிரமாதமாக இருக்கிறது. அதே அமைப்போடு டிரம்ஸுக்கும் கிட்டாருக்கும் நடுவே போய் நின்றால் ஆளே காணாமல் போகிறார். சத்தம் ஏறும்போது அடிப்பகுதி தானாகவே கேட்கத் தொடங்கிவிடும். சுருதியைக் காட்டும் மேற்சுரங்கள் இருந்த இடத்தைத்தான் நாம் கையாலேயே இறக்கிவிட்டோமே. மேடையில் ‘பேஸ் கேட்கலை’ என்று குரல் வந்தால் முதலில் தொட வேண்டியது மிட் திருகு. அதுவும் 200-லிருந்து 800 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதி.

ஒரு ஒத்திகைக் கூடத்துக் கணக்கு

எத்தனை வாட் வேண்டும்? ஒரே ஒரு சூழலை எடுத்துப் போட்டுப் பார்ப்போம். ஒத்திகைக் கூடம், கை ஓங்கி அடிக்கும் டிரம்மர். அவருக்கு ஈடாக, பெட்டியிலிருந்து 4 மீட்டர் தள்ளி நிற்பவருக்குச் சராசரியாக 100 டெசிபல் பேஸ் போய்ச் சேர வேண்டும். உங்களிடம் இருப்பது இரண்டு 10 அங்குல ஸ்பீக்கர் உள்ள கேபினெட். அதன் விவரப் பட்டியலில் ‘சென்சிடிவிட்டி 97 டெசிபல்’ என்று இருக்கிறது. 1 வாட் கொடுத்தால் 1 மீட்டரில் 97 டெசிபல் தரும் என்று பொருள்.

தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் போகும். 1 மீட்டரிலிருந்து 4 மீட்டருக்கு இரண்டு முறை இரட்டிப்பு, ஆக 12 டெசிபல் நட்டம். அப்படியானால் பெட்டிக்கு 1 மீட்டர் முன்னால் 112 வேண்டும். 97-லிருந்து 112-க்கு 15 டெசிபல் ஏற வேண்டும். 15 டெசிபல் என்பது ஏறக்குறைய 32 மடங்கு. 32 வாட்.

இவ்வளவுதானா? பிறகு எதற்கு 300?

தந்தியைச் சுண்டும் அந்த முதல் கணத்தை இந்தக் கணக்கு சேர்க்கவில்லை. விரல் தந்தியை விடுகிற நொடியில் எழும் முகடு, அதன்பின் நீளும் ஒலியின் சராசரியை விட 10 டெசிபலாவது உயரமாக இருக்கும். கட்டை விரலால் ‘ஸ்லாப்’ அடித்தால் இன்னும் அதிகம். 10 டெசிபல் என்றால் பத்து மடங்கு. 32 வாட் 320 ஆகிவிட்டது. அந்த முகட்டுக்கு இடமில்லாத ஆம்ப் அதன் தலையைச் சீவிவிடும், ஒலி கரகரக்கும். கிட்டார்காரருக்கு அந்தக் கரகரப்பே வேண்டும், அதற்காகத்தான் அவர் ஆம்பை முறுக்குகிறார். சுத்தமான ஒலி வேண்டும் என்கிற பேஸ்காரருக்கு மட்டும் இந்தப் பத்து மடங்குக் கூடுதல் செலவு.

இது வெட்டவெளிக் கணக்கு. சுவர்கள் கொஞ்சம் திருப்பித் தரும், 60 ஹெர்ட்ஸுக்குக் கீழே கேபினெட் கொஞ்சம் விழுங்கும். ஏறக்குறைய சரிக்குச் சரி.

இதே கணக்கில் கேபினெட்டின் 97-ஐ மட்டும் 100 ஆக்கிப் பாருங்கள். 320 வாட் 160 ஆகக் குறைகிறது. ஸ்பீக்கர் 3 டெசிபல் தேறினால் அது ஆம்பின் பலத்தை இரட்டித்ததற்குச் சமம். அதே மாதிரி இன்னொரு கேபினெட்டைச் சேர்த்தாலும் இந்த லாபம் கிடைக்கும். காசு எதில் போட வேண்டும் என்று கேட்டால் முதலில் கேபினெட், பிறகு வாட் என்று நான் சொல்வது இதனால்தான்.

இரண்டாவது கேபினெட் சேர்க்கும்போது ஓமைப் பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு 8 ஓம் பெட்டிகள் சேர்ந்தால் 4 ஓம். ஆம்பின் பின்புறம் ‘குறைந்தது 4 ஓம்’ என்று இருந்தால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூன்றாவதைச் சொருகினால் ஆம்ப் சூடேறிப் படுத்துக்கொள்ளும். வால்வு ஆம்பில் தலைகீழ்ச் சிக்கல்: ஸ்பீக்கரே சொருகாமல் ஓட்டினால் அதன் டிரான்ஸ்பார்மர் போய்விடும். ஆம்புக்கும் கேபினெட்டுக்கும் நடுவே கிட்டார் கேபிளைப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அத்தனை மின்னோட்டத்துக்கு அந்த மெல்லிய கம்பி ஆகாது. ஸ்பீக்கர் கேபிள் தனியாகவே விற்கிறது.

பெட்டி: சின்னது, ஆழமானது, சத்தமானது

சின்னதாக இருக்க வேண்டும், ஆழமான சுரம் வர வேண்டும், சத்தமும் பலமாக வேண்டும். இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். கே.எல்.எச். என்ற ஸ்பீக்கர் நிறுவனத்தின் பெயரில் ‘எச்’ ஆக இருக்கும் ஹாஃப்மன் சொன்ன விதி இது. இரும்பு விதி என்றே பெயர். கைக்கு அடக்கமான பெட்டி மூன்றையும் தருவதாக விளம்பரம் வந்தால் ஏதோ ஒன்றை மறைக்கிறார்கள். ஆம்பின் தலைப்பகுதிக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. மின்சாரத்தைப் பெரும்பாலும் வீணாக்காத ‘கிளாஸ் டி’ சுற்றுகள் வந்தபின், 35 கிலோவுக்கு மேல் கனத்த வால்வுத் தலை செய்த வேலையை இரண்டு கிலோவில் ஒரு பெட்டி செய்கிறது. நியோடிமியம் காந்தம் வந்து ஸ்பீக்கரின் எடையும் குறைந்தது. பெட்டியின் கன அளவு மட்டும் குறைய மறுக்கிறது.

துளை வைத்த கேபினெட் சற்று ஆழமாகப் போகும். ஆனால் அந்தத் துளைக்குரிய அதிர்வெண்ணுக்குக் கீழே கோனைத் தாங்கிப் பிடிக்க ஒன்றும் இல்லாததால், சத்தம் வராமலேயே அது பதறிப் பதறி ஆடும். மூடிய பெட்டியில் அந்தப் பயம் குறைவு.

மேடையில் இன்னொன்றும் நடக்கிறது. கேபினெட் முழங்காலுக்கு நேராகப் பாடிக்கொண்டிருக்கும், நம் காது மேலே இருக்கும். கோனிலிருந்து மேற்சுரங்கள் நேர்க்கோட்டில் போவதால் அவை நம்மைத் தாண்டி முதல் வரிசைக்காரரின் நெஞ்சுக்குப் போகின்றன. நமக்குக் கேட்கவில்லை என்று நாம் சத்தத்தைக் கூட்ட, அவர் எழுந்து இடம் மாறுகிறார். பேஸ் அலை எட்டு மீட்டர் நீளம், அது ‘விரிய’ இடம் வேண்டும், அதனால்தான் பக்கத்தில் கேட்பதில்லை என்று ஒரு விளக்கம் உலவுகிறது. நீளம் சரி, விளக்கம் தவறு. அது உண்மையானால் காதோடு ஒட்டிய ஹெட்போனில் பேஸே கேட்கக் கூடாது. பெட்டியை ஸ்டூலில் ஏற்றுங்கள், அல்லது பின்னால் சாய்த்து வையுங்கள்.

பெடல்கள்: முதலில் இரண்டு சாதுக்கள்

கடைக் கண்ணாடிக்குள் வண்ண வண்ணமாக இருப்பவற்றில் முதலில் வாங்க வேண்டியது, வாங்கியதாகவே தெரியாத ஒன்று: கம்ப்ரஷர். முகடு எழும்போது அதை அமுக்குகிறது, அவ்வளவுதான். மேலே போட்ட கணக்கை எடுங்கள். முகடு 5 டெசிபல் அமுங்கினால் 320 வாட் தேவை 100 வாட்டாகிவிடும். ஒரு பெடல் ஒரு பெரிய ஆம்பை மிச்சம் பிடித்துத் தருகிறது. அதிகம் அமுக்கினால் வாசிப்பின் ஏற்ற இறக்கம் செத்துவிடும்; திருகைப் பாதிக்கு மேல் கொண்டுபோக அவசியம் வராது.

இன்னொரு சாது ‘ஹை-பாஸ் ஃபில்டர்’. 30, 35 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டிவிடுகிறது. தந்தியில் கை மோதும் தொப்பும் மேடைப் பலகையின் உதறலும் அங்கேதான் இருக்கின்றன. கேட்காத அந்த அசைவுகளுக்காகக் கோன் பதறுவது நின்றால், கேட்கும் சுரங்களுக்கு ஆம்பில் இடம் கிடைக்கும்.

தம்புராவின் நூல்

1921-ல் சி.வி. ராமன் தம்புராவையும் வீணையையும் ஆராய்ந்தார். தந்தியை எந்த இடத்தில் மீட்டுகிறோமோ, அந்த இடத்தில் அசைவற்றிருக்க வேண்டிய மேற்சுரங்கள் எழவே கூடாது என்பது மேலை இயற்பியலின் விதி. தம்புராவில் அவை தாராளமாக எழுந்தன. வளைந்த குதிரையின் மேல் தந்தி உரசி உரசி ஆடுவதும், அடியில் செருகிய நூலும்தான் காரணம். தந்தி தனியாகத் தராத மேற்சுரங்களை அந்தத் தொடுகை உண்டாக்குகிறது. அதுதான் ஜீவா.

ஓவர்டிரைவ் பெடல் அதை மின்சாரத்தில் செய்கிறது. அலையின் தலையைச் சீவும்போது, உள்ளே வராத மேற்சுரங்கள் வெளியே வருகின்றன. டிரம்ஸும் இரண்டு கிட்டாரும் சேர்ந்த இரைச்சலில் பேஸின் சுருதி காதுக்குப் பிடிபட இவையே கைகொடுக்கும். கரகரப்பு என்று தனியாகத் தெரியாத அளவு கொஞ்சமாகக் கலந்தாலே போதும். ‘எனக்கு டிஸ்டார்ஷன் பிடிக்காது’ என்கிறவர்கள் ரசிக்கும் பழைய பதிவுகள் பலவற்றில் வால்வு ஆம்ப் இதைச் சொல்லாமல் செய்திருக்கிறது.

நண்பரின் கிட்டார் பெடலை இரவல் வாங்கினால் ஏமாறுவீர்கள். புகழ்பெற்ற டியூப் ஸ்க்ரீமர் சுமார் 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே போகப்போகச் சீவலைக் குறைத்துக்கொள்ளும்படி அமைந்தது. கிட்டாருக்கு அது தெளிவு. பேஸுக்கு அடிமடியில் கை. அதற்காகக் கீழ்ப்பகுதி முழுவதையும் சீவினாலும் சேறாகிவிடும். வழி என்னவென்றால், சுத்தமான ஒலி ஒரு பாதையிலும் சீவிய ஒலி இன்னொரு பாதையிலும் போய்க் கடைசியில் கலக்க வேண்டும். பேஸுக்கென்று செய்த பெடல்களில் ‘பிளெண்ட்’ என்று ஒரு திருகு இருக்கும். அது இல்லாத ஓவர்டிரைவை நான் வாங்க மாட்டேன்.

ஆக்டேவ் பெடல் ஒரு ஸ்தாயி கீழே இன்னொரு சுரத்தைச் சேர்க்கும். வெறும் E தந்தியில் மிதித்தால் வரவேண்டியது 20 ஹெர்ட்ஸ். எந்தப் பெட்டியும் அதைப் பாடாது. ஏழாவது கட்டைக்கு மேலே, மெல்லிய தந்திகளில் மிதித்தால்தான் பெடலுக்குக் கொடுத்த காசு வசூலாகும். கோரஸ், ஃபிளாஞ்சர் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஆம்பே இல்லாமல்

தேவாலயங்களிலும் மெல்லிசை மேடைகளிலும் இன்று பல பேஸ்காரர்கள் ஆம்பே கொண்டுவருவதில்லை. பேஸின் சிக்னலை மிக்சருக்கு ஏற்றதாக்கும் டி.ஐ. பெட்டி வழியாக நேராக மிக்சருக்குப் போகிறார்கள். இது புதிதும் இல்லை. அறுபதுகளின் டெட்ராய்டில், மோட்டவுன் பாட்டுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸ் பெரும்பாலும் ஆம்ப் இல்லாமல் நேராகப் பதிவு மேசைக்கே போனது. கனம் தரும் வேலையை அரங்கின் 18 அங்குல சப்-ஊஃபர்கள் பார்த்துக்கொள்ளும்போது, அந்த வேலைக்காக நம் முதுகு ஒடிய வேண்டியதில்லை.

இப்படி வாசிப்பவருக்கு ஆம்பின் காசு மிச்சம். அதில் ஒரு நல்ல பிரீஆம்ப் பெடல் வாங்கலாம். அதில் ‘கேபினெட் சிமுலேஷன்’ இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். பேஸ் கேபினெட்டின் பெரிய கோன்கள் 4,000, 5,000 ஹெர்ட்ஸுக்கு மேலே உள்ளதைத் தாமாகவே குறைத்துவிடும். ஓவர்டிரைவ் உண்டாக்கும் மிக உயர்ந்த மேற்சுரங்கள் அங்கே வடிந்துபோகும். நேராக மிக்சருக்குப் போகும்போது அவற்றை வடிக்க யாருமில்லை. கொசு ரீங்காரம்தான் மிஞ்சும். அந்த வடிப்பைப் பெடலுக்குள்ளேயே செய்வதுதான் சிமுலேஷன். மேடையில் நமக்கென்று ஒரு சின்ன ஆம்பும் வைத்துக்கொண்டால், மிக்சருக்குப் போகும் பாதையில் மட்டும் சிமுலேஷனைப் போட்டுவிட்டு, ஆம்புக்குப் போகும் பாதையில் அணைத்துவிட வேண்டும். உண்மையான கோன் ஒன்று அங்கே ஏற்கெனவே வடிக்கிறது. இரண்டு முறை வடித்தால் இந்த அத்தியாயம் முழுக்க நாம் காப்பாற்ற நினைத்த மேற்சுரங்களில் மேல்பாதி போய்விடும்.